காற்றுக்கு முதுகு காட்டிய ஆலாக்கள்

மகிழ்ச்சியாக இருக்கும் நான்கு பேர் நடுவே அக்காவைக் கொண்டுபோய் உட்கார வைத்தால் போதும். தேநீர் ஆறுவதற்குள் நால்வர் முகமும் தொங்கிவிடும். அவர் திட்டமாட்டார், குரலை உயர்த்தமாட்டார். "ஒரு நிமிசம் லா" என்பார். அந்த ஒரு நிமிடத்தில் எத்தனையோ சந்தோஷங்கள் செத்துப் போனதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

தீவுகளில் அருகிவரும் பறவைகளை ஆராய்வது அவர் தொழில். முனைவர் பட்டம் உண்டு. ஆனால் டாக்டர் என்று கூப்பிட்டால், "அப்படிக் கூப்பிடாதீங்க. எங்க ஃபிளாட்டுல எல்லாரும் முட்டிவலிக்கு மருந்து கேக்குறாங்க" என்பார். அதனால் எங்கள் எல்லோருக்கும் அவர் அக்கா. பல்கலைக்கழகம் முடித்த கையோடு, உலகத்துப் பறவைகளை நான் போய்க் காப்பாற்றாவிட்டால் யார் காப்பாற்றுவார்கள் என்ற கவலையில் அவரிடம் வேலைக்குச் சேர்ந்தேன். தீவுப் பறவையைக் காப்பாற்றுவது என்றால் பெரும்பாலும் பாறை இடுக்கில் எலிப் புழுக்கை தேடுவதுதான் என்று நேர்முகத்தில் யாரும் எனக்குச் சொல்லவில்லை.

சேர்ந்த முதல் வாரமே கடற்கரைச் சாலையில் மோட்டார் சைக்கிளை நிறுத்தி ஒரு படம் எடுத்தேன். வானத்தில் உயரத்தில், சிறகை விரித்து, அசையாமல் நின்றது ஒரு கருத்த உருவம். உலகத்தில் ஒரே ஒரு தீவில் மட்டும் கூடு கட்டுகிற பெரிய கடற்பறவை ஒன்று எப்போதாவது எங்கள் பக்கம் வரும். அதுதான் என்று முடிவே செய்துவிட்டேன். எங்கள் வாட்சப் குழுவில் "அரிய காட்சி!!!" என்று போட்டேன். பாராட்டுகள் வந்து விழுந்தன. அவற்றுக்கெல்லாம் அடியில் அக்காவிடமிருந்து ஒரே ஒரு சொல் வந்தது.

"பட்டம்."

யாரோ படத்தைப் பெரிதாக்கிப் பார்த்து நூல்கூடத் தெரிகிறது என்று தகவல் சொன்னார்கள். அத்தகைய நல்லவர்கள் எல்லாக் குழுவிலும் இருப்பார்கள்.

சரி, அடுத்தவர் மகிழ்ச்சியில்தான் மண் போடுகிறார் என்று நினைத்தால் அதுவும் இல்லை. தன் தலையிலும் அதே மண்ணைத்தான் போட்டுக்கொள்வார். ஒரு தமிழ்ப்பள்ளியில் பேச அழைத்திருந்தார்கள். "உலகப் புகழ்பெற்ற ஆராய்ச்சியாளர்" என்று தலைமையாசிரியர் அறிமுகம் செய்தார். கைதட்டல் அடங்கியதும் அக்கா ஒலிவாங்கியைப் பிடித்தார்.

"ஒரு நிமிசம். உலகமெல்லாம் இல்ல லா. நார்வேயில ஒருத்தரு, பிலிப்பைன்ஸ்ல ஒருத்தரு. அதுலயும் நார்வேக்காரரு என் கட்டுரை தப்புன்னு சொல்லத்தான் எழுதியிருந்தாரு. அவரு சொன்னது சரிதான்."

பொன்னாடையை விரித்துப் பிடித்து நின்ற தலைமையாசிரியர் அதை மெதுவாகத் திரும்ப மடிக்கத் தொடங்கினார்.

அவருடைய பிறந்தநாளுக்கு, வயதை நாகரிகமாகக் கொஞ்சம் குறைத்து எழுதிய கேக் ஒன்றை வாங்கி வைத்தோம். அந்த எண்ணை முள்கரண்டியால் சுரண்டி, கிரீமைத் தடவி, சரியான வயதை எழுதிய பிறகுதான் வெட்டினார். அவருடைய தமக்கை மகளைப் பெண் பார்க்க வந்தவர்களிடம், பெண் விடியற்காலையில் எழுந்து விளக்கேற்றுவாள் என்று தாயார் சொல்லிக்கொண்டிருக்க, நம் அக்கா பலகாரத் தட்டோடு வந்து, "ஒரு நிமிசம். இவளுக்குப் பத்து மணிக்குத்தான் விடியும்" என்றாராம். மாப்பிள்ளை சிரித்துவிட்டதால் கல்யாணம் நடந்தது. ஆனால் கல்யாணத்தில் அக்காவுக்குக் கிடைத்த இடம் ரசப் பாத்திரத்துக்குப் பக்கத்தில்.

இப்படிப்பட்டவர் கையில்தான் ஆலாக்களின் தலைவிதி இருந்தது.

ஆலா என்பது கடற்பறவை. வெள்ளை உடம்பு, பிளந்த வால், பிடரியைச் சுற்றிக் கறுப்பாக ஒரு பட்டை. பினாங்கிலிருந்து படகில் போனால் வயிறு இரண்டு தடவை புரளும் தூரத்தில் ஒரு பாறைத் தீவு இருக்கிறது. பெயர் வேண்டாம், வக்கீல்கள் இருக்கிறார்கள். ஒரு காலத்தில் அங்கே ஆலாக்கள் கூட்டமாக முட்டையிட்டன. கூடெல்லாம் கட்டுவதில்லை. வெறும் பாறையில், சின்னக் குழிவு கிடைத்தால் போதும் என்று இட்டுவிடும். படகுகளோடு எலிகள் போய் இறங்கின. முட்டைகள் போயின, அப்புறம் பறவைகளும் போயின. அக்கா பல ஆண்டு பாடுபட்டு எலிகளை ஒழித்தார். ஆனால் ஆலா திரும்பவில்லை. ஆலாவின் குணம் அப்படி. மற்ற ஆலாக்கள் உட்கார்ந்திருந்தால்தான் தானும் வந்து உட்காரும். கூட்டம் இல்லாத கடையில் நாம் சாப்பிடப் போகமாட்டோம், அதுபோலத்தான்.

அதற்கும் வழி இருக்கிறது. பொம்மை ஆலாக்களைச் செய்து பாறையில் ஒட்டி வைப்பது. பக்கத்தில் சூரிய ஒளியில் ஓடும் ஒலிபெருக்கியில் ஆலாக் கூட்டத்தின் இரைச்சலை ஓடவிடுவது. மேலே பறக்கிற நிஜ ஆலா, "அட, இங்கே வியாபாரம் நன்றாக நடக்கிறதே" என்று இறங்கும். எங்கேயும் செய்து பார்க்கிற முறைதான்.

ஜெலுத்தோங்கில் அக்காவின் அடுக்குமாடி வீடு பொம்மைத் தொழிற்சாலையானது. பிசினை அச்சில் வார்த்து, தேய்த்து, வர்ணம் பூசி, நடைபாதையில் காயவைப்போம். பிடரிப் பட்டை ஒரு நூல் தடிப்பு கூடினாலும் அழித்துத் திரும்பப் பூசச் சொல்வார்.

"தங்கச்சி, இது ஆலாவா, கழுத்துல துண்டு போட்ட பென்குவினா?"

பக்கத்து வீட்டுச் சீன ஆண்ட்டி, தன் பால்கனியில் புறா அசிங்கம் செய்யாமல் விரட்ட ஒரு பொம்மை வேண்டும் என்று கேட்டார். பறவையை வரவைக்கச் செய்த பொம்மை அது என்று அக்கா நீண்ட விளக்கம் கொடுத்துவிட்டு, ஒன்றைக் கொடுக்கவும் செய்தார். மறுநாளிலிருந்து அந்தப் பால்கனிக்குக் கூடுதலாகப் புறாக்கள் வந்ததாகக் கேள்வி.

பொம்மைகளை ஒட்டும் நாளில், செலவை ஏற்ற நிறுவனம் ஒரே நிறச் சட்டையில் தன் தொண்டர்களை அனுப்பியது. கூடவே ஒரு புகைப்படக்காரர். அக்காவும் நானும் தீவின் மறுபக்கம் ஒலிபெருக்கியைப் பொருத்தப் போயிருந்தோம். திரும்பி வந்து பார்த்தால், படகிலிருந்து எடுக்கும் படத்தில் முகம் நன்றாக விழவேண்டும் என்று எல்லாப் பொம்மைகளையும் படகைப் பார்த்து ஒட்டி முடித்திருந்தார்கள். பாறை முழுக்க ஆலாக்கள் பள்ளிக்கூடக் குழுப்படம் போல நின்றன.

அக்கா தலையில் கை வைத்துக்கொண்டார். "எந்த ஆலாவும் காத்துக்கு முதுகு காட்டி உக்காராது லா! பின்னாலருந்து காத்தடிச்சா இறக்கை பிரிஞ்சிரும். காத்து மாறினா அதுவும் திரும்பி உக்காரும். இதுங்க எல்லாம் யாரைப் பாக்குது?"

"கேமராவை" என்றார் ஒரு தொண்டர், பெருமையாக.

பசை இறுகிவிட்டது. பெயர்த்தால் பொம்மை உடையும். விட்டுவிட்டோம்.

அதே சமயம் அந்தத் தீவின் மேல் வேறு கண்களும் விழுந்திருந்தன. ஓர் உல்லாச விடுதி நிறுவனம் அங்கே படகுத்துறையும் மரவீடுகளும் கட்ட அனுமதி கேட்டிருந்தது. கட்டினால் படகு வரும், படகோடு எலி வரும், கதை முதலிலிருந்து தொடங்கும். தீவை மூடிப் பாதுகாக்க வேண்டும் என்று நாங்கள் கேட்டுக்கொண்டிருந்தோம். இரண்டில் ஒன்றை முடிவு செய்யவேண்டிய அலுவலகம், முதலில் பறவை இருக்கிறதா பார்ப்போம் என்று டிரோன் பறக்கவிட்டது. டிரோனுக்கு ஏற்பாடு செய்த பிரிவு ஒரு மாடியில். பொம்மைக்கு அனுமதி கொடுத்த பிரிவு இன்னொரு மாடியில். நடுவில் மின்தூக்கி பழுதாக இருந்திருக்க வேண்டும். வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

ஜார்ஜ்டவுனில் ஒரு ஹோட்டலில் அந்த அலுவலகம் கூட்டம் போட்டு எங்களையும் அழைத்தது. வாசலிலேயே பெரிய பதாகை: "ஆலாக்கள் திரும்பிவிட்டன!" கீழே டிரோன் எடுத்த படம். பாறை முழுக்க வெள்ளைப் பறவைகள். உள்ளே அந்த அலுவலகத்துக்குப் பெரியவரான ஒரு டத்தோ, நிருபர்கள், ஆலா வடிவத்தில் பிஸ்கட்டுகள். தீவை மூடும் அறிவிப்பை டத்தோ அன்றே வெளியிடப்போகிறார் என்று பேச்சு. எனக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. அக்கா மட்டும் பதாகைக்கு மூக்கு படுகிற தூரத்தில் நின்றார்.

"ஒரு நிமிசம். கடல்ல அலை எந்தப் பக்கமிருந்து வருது பாரு."

"அக்கா, வேணாம்."

"காத்து இந்தப் பக்கமிருந்து அடிக்குது. ஆலா எல்லாம் அந்தப் பக்கம் பாக்குது. எல்லாமே. ஒண்ணுகூட மாறல."

எனக்கும் புரிந்துவிட்டது. அவற்றின் முகங்கள் அத்தனையும், படகு நின்ற திசையில், சிரிக்காத குறையாக இருந்தன. டிரோன் எங்கள் பொம்மைகளை எண்ணியிருந்தது. பிடரிப் பட்டையை அக்கா கொஞ்சம் அசட்டையாகப் பூச விட்டிருந்தால் இந்தத் தவறு நடந்தே இருக்காது.

அவர் கையைப் பிடித்துத் தூணுக்குப் பின்னால் இழுத்துப் போனேன். "அக்கா, பேசாம இருங்க. இன்னைக்குத் தீவை மூடிடுவாங்க. நமக்கு வேண்டியது அதுதானே? இடம் பத்திரமா இருந்தா பறவை பின்னால வரும்."

"மூடுவாங்க. அடுத்த வருசம் மறுபடி எண்ண வருவாங்க. ஏன் கூடலன்னு கேப்பாங்க. பொம்மைய முட்டை போடச் சொல்லவா?"

"அதை அப்பப் பாத்துக்கலாம் லா!"

"ஒரு நாளு யாராவது கிட்டப் போய்த் தொட்டுப் பாப்பாங்க, தங்கச்சி. அன்னைக்கு நிஜமா ஆலாவே வந்து உக்காந்திருந்தாலும் எவனும் நம்பமாட்டான்."

மேடையில் டத்தோ பேசி முடித்ததும், கேள்வி உண்டா என்று மரியாதைக்குக் கேட்டார்கள். மரியாதைக்குக் கேட்பதை அக்காவிடம் கேட்கக்கூடாது. எழுந்து நின்று, மலாயில், மிகவும் பணிவாக, அவை தன் பொம்மைகள் என்றார்.

"எல்லாமேவா?" என்றார் டத்தோ.

மேடைத் திரையில் இருந்த அதே படத்தை அக்கா இன்னொரு முறை உற்றுப் பார்த்தார். "இல்ல டத்தோ. ஓரத்துல கறுப்பா ஒண்ணு இருக்கு. அது காக்கா."

அந்த அறையில் அப்போது பிஸ்கட் கடிக்கும் ஓசைகூட இல்லை. ஒருவர் மட்டும் வாய்விட்டுச் சிரித்தார். விடுதி நிறுவனத்தின் ஆலோசகர். நம் தமிழர்தான், அக்காவோடு ஒன்றாகப் படித்தவர். மதியத்துக்குள் அவர் எல்லா நிருபரிடமும் பேசிவிட்டார். "பினாங்குலயே பொய் சொல்லத் தெரியாத ஒரே ஆளு இந்த மேடம்தான். அவங்களே சொல்லிட்டாங்க, அங்க பறவை இல்லன்னு." மறுநாள் செய்தியிலும் அது வந்தது. எதிரியிடம் இவ்வளவு நல்ல பெயர் வாங்கிய சுற்றுச்சூழல்வாதி வேறு யாரும் இருக்கமுடியாது.

அன்று சூலியா தெருவில் நாசி கண்டார் சோறு சாப்பிடப் போனோம். எனக்கு ஒரு வாய் இறங்கவில்லை. அக்கா வெண்டைக்காயை எடுத்துக்கொண்டு, "இவங்க குழம்பு போன வாரம் இதைவிட நல்லாயிருந்துச்சு" என்றார். தட்டைத் தூக்கி எறியவேண்டும் போல இருந்தது. வாட்சப் குழுவிலிருந்து ஒவ்வொருவராக வெளியேறினார்கள். செலவை ஏற்ற நிறுவனம் கடலாமைகள் பக்கம் போய்விட்டது. ஆமை பார்ப்பதற்கும் சாதுவாக இருக்கும், கூட யாரும் எழுந்து நின்று கேள்வி கேட்கவும் மாட்டார்கள்.

மூடும் அறிவிப்பு நின்றது. அலுவலகம் கடைசியாக ஒரு வழி சொன்னது. முட்டையிடும் காலம் முடிவதற்குள் இரு தரப்பும் ஓர் அதிகாரியோடு ஒரே படகில் போய்ப் பார்க்கட்டும். முட்டையோடு ஒரே ஒரு கூடு இருந்தாலும் தீவு மூடப்படும். இல்லையென்றால் படகுத்துறை. இதற்கிடையில் ஆலோசகர் அக்காவுக்குத் தொலைபேசி போட்டார். விருந்தினர்கள் படம் எடுத்துக்கொள்ள வசதியாக, விடுதிக் கடற்கரையில் வைக்கக் கொஞ்சம் பொம்மைகள் கிடைக்குமா என்று கேட்டாராம்.

"என்ன சொன்னீங்க?" என்று கொதித்தேன்.

"குடுக்கலாம்னேன். ஆனா முகத்தைக் காத்துப் பக்கம் வச்சு ஒட்டச் சொன்னேன்."

அதன் பிறகு தேவைக்கு மேல் அவரிடம் நான் பேசவில்லை. ஆனாலும் படகில் போகும் நாளில் தொலைநோக்கியைத் தூக்கிக்கொண்டு போய் நின்றேன். வேறு யாரும் மிச்சமில்லை.

நாங்கள் பாக்சிக், அதாவது மாமா, என்று கூப்பிடும் படகோட்டி, ஒரு மலாய்ப் பெண் அதிகாரி, ஆலோசகர், அக்கா, நான். அதிகாரிக்குக் கடல் ஒத்துக்கொள்ளவில்லை. தீவு வருவதற்குள் இரண்டு பிளாஸ்டிக் பைகளை நிரப்பிவிட்டார். அலை பெரிதாக இருந்ததால் இறங்க முடியவில்லை. பாறையைச் சுற்றிச் சுற்றி வந்தோம். ஒலிபெருக்கி பழுதாகி, இரைச்சலுக்கு நடுவே இருமிக்கொண்டிருந்தது. வெயிலில் வெளுத்த பொம்மைகள், அங்கே இல்லாத புகைப்படக்காரரை இன்னமும் பார்த்துக்கொண்டிருந்தன.

"என்னா மேடம், உங்க பிள்ளைங்க எல்லாம் சௌக்கியமா இருக்காங்க போல!" என்றார் ஆலோசகர். "ஒருத்தருகூட எங்கயும் போகல. நல்ல வளர்ப்பு."

அக்கா தொலைநோக்கியைக் கண்ணிலிருந்து எடுக்கவில்லை. அவர் காதோரம் வியர்வை வழிந்தது. எலி பிடிக்க அவர் இந்தப் பாறையில் முட்டி தேயத் தவழ்ந்த வருடங்கள் அப்போதுதான் எனக்கு நினைவு வந்தன. இது போனால் என் வேலை போகும், நான் வேறு பறவையைக் காப்பாற்றப் போய்விடுவேன். அவருக்கு வேறு பாறை இல்லை.

சுமத்ரா பக்கம் வானம் கறுத்தது. பாக்சிக் என்ஜினைத் திருப்பப் போனார். போகலாம் என்று அதிகாரியும் கையைக் காட்டினார். அப்போது காற்று மாறி, மேற்கிலிருந்து சடாரென்று அடித்தது. தொப்பி பறந்தது, ஆலோசகருடையது. பொம்மைகள் பிடரியில் அடி வாங்கிக்கொண்டு அப்படியே நின்றன.

அவற்றில் ஒன்று எழுந்தது. இறகை ஒரு தடவை உதறியது. மெதுவாக, கச்சேரியில் இடம் மாறி உட்காரும் மாமியைப் போல, காற்றைப் பார்த்துத் திரும்பி அமர்ந்தது.

"அக்கா! திரும்புச்சு! அது திரும்புச்சு!"

"பசை விட்டுப்போச்சு," என்றார் ஆலோசகர் உடனே. "காத்துல பொம்மை ஆடுது. அவ்வளவுதான். போகலாம்."

அதிகாரி பையிலிருந்து முகத்தைத் தூக்கினார். என்னைப் பார்க்கவில்லை. ஆலோசகரையும் பார்க்கவில்லை. அக்காவைப் பார்த்து மலாயில் கேட்டார்: "அது உங்களுடையதா?"

அக்கா பார்த்துக்கொண்டே இருந்தார். மழையின் முதல் துளிகள் விழுந்தன.

"என்னோடது இல்ல" என்றார் தமிழில். பிறகு சுதாரித்து மலாயில் சொன்னார்.

அதிகாரி மறுகேள்வி கேட்கவில்லை. ஆலோசகர் வாயைத் திறந்தார். பினாங்கிலேயே பொய் சொல்லத் தெரியாத ஒரே ஆள் என்று ஊரெல்லாம் சொன்ன வாய் அது. மூடிக்கொண்டது.

நான் குதிக்கப் போனேன். அதற்குள் அக்கா கையை உயர்த்தினார். "ஒரு நிமிசம்."

ஐயோ என்றாகிவிட்டது.

"பறவைன்னு எழுதுங்க. கூடுன்னு எழுதாதீங்க. முட்டைய இன்னும் பாக்கல."

கடலில் தள்ளிவிடலாமா என்று நான் யோசித்தது உண்மை. பாக்சிக் பாறைக்குக் கிட்டே படகைப் பிடித்துக்கொண்டு, எங்கள் வம்சத்தையே முணுமுணுப்பாகத் திட்டினார். அதிகாரி மூன்றாவது பையைப் பிரித்தார். எல்லோரும் தொப்பலாக நனைந்தோம். கடைசியில் இன்னொரு காற்று வந்தது. ஆலா நனைந்த வயிற்றைத் தூக்கி, அடியில் இருந்ததை அலகால் ஒருமுறை புரட்டிவிட்டு, திரும்ப அமர்ந்தது. புள்ளி போட்ட, பாறை நிற முட்டை. எனக்குக்கூடத் தெரிந்தது. அதிகாரியும் பார்த்தார், ஆலோசகரும் பார்த்தார்.

தொலைநோக்கியை இறக்கியபோது அக்காவின் முகம் முழுக்க ஈரமாக இருந்தது. மழை என்றுதான் நான் சொல்வேன். உறுதியாகத் தெரியாததை எழுதினால் அவருக்குப் பிடிக்காது.

தீவு மூடப்பட்டது. அக்கா இப்போது சபா பக்கம் வேறொரு தீவில், வேறு யாருடைய சந்தோஷத்தையோ கெடுத்துக்கொண்டிருக்கிறார்.

அன்று கரைக்கு வந்ததும் முதல் வேலையாக, ஆட்கள் பாதி ஓடிப்போன எங்கள் குழுவில் தட்டினேன்: "ஆலாக்கள் திரும்பிவிட்டன!!!!!!"

பக்கத்தில் துண்டால் தலை துவட்டிக்கொண்டிருந்தவரின் கைப்பேசி ஒலித்தது. எடுத்துப் பார்த்தார். என் பக்கம் திரும்பவேயில்லை. பொறுமையாகத் தட்டினார். என் கைப்பேசி ஒலித்தது.

"ஆலா. ஒன்று."